சிறுநீர் பின்னோட்டம்: அறிக்கையில் உள்ள எண்ணும் அதற்கு அப்பாலும்

சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேலே சிறுநீரகத்தை நோக்கித் திரும்பிச் செல்வதுதான் பின்னோட்டம். அதற்காகக் குழந்தைகள் சிறுநீரகப் பிரிவுக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் நீட்டுவது, அதைக் கண்டறியும் எக்ஸ்ரே பரிசோதனையான எம்.சி.யூ.வின் அறிக்கையைத்தான். அதில் பின்னோட்டத்தின் தீவிரத்தைச் சொல்லும் 'மூன்றாம் நிலை', 'நான்காம் நிலை' என்ற எண்ணையே குழந்தையின் தலையெழுத்தாக எடுத்துக்கொண்டு கலங்கிப்போய் வந்திருப்பார்கள். நானோ, இந்தப் பரிசோதனைக்குக் காரணமான காய்ச்சலின்போது சிறுநீரை எப்படிப் பிடித்தார்கள் என்பதிலிருந்தே தொடங்குவேன். ஒட்டும் பிளாஸ்டிக் பையில் பிடித்த சிறுநீரில் தோலிலும் மலத்திலும் உள்ள கிருமிகள் எளிதில் கலந்துவிடுவதால், அதன் கல்ச்சரை (கிருமி வளர்ப்புச் சோதனையை) மட்டும் நம்பித் தொற்று என்று முடிவுகட்டுவது சரியல்ல. கைக்குழந்தை என்றால் மெல்லிய டியூப் வழியாக, அதுவும் ஆன்டிபயாடிக்கின் முதல் வேளைக்கு முன்பே, சிறுநீரை எடுத்துவிட வேண்டும்.

எம்.சி.யூ. குழந்தைக்கும் தாய்க்கும் கடினமான பரிசோதனை. டியூப் வழியே எக்ஸ்ரேயில் தெரியும் மருந்துநீர் சிறுநீர்ப்பையை நிரப்பிய பிறகு, குழந்தை தானாகச் சிறுநீர் கழிக்கும் வரை காத்திருக்க வேண்டும். சிலருக்குப் பின்னோட்டம் அந்தக் கணத்தில்தான் தெரியும் என்பதால், காலில் வெதுவெதுப்பான நீரை ஊற்றியபடி தாயும் நாங்களும் படமேசையருகே நிற்போம். ஆண் குழந்தையானால் சிறுநீர் வெளியேறும் பாதையின் படத்தை நான் ஒருபோதும் விடுவதில்லை. அங்கே பிறவியிலேயே உள்ள வால்வு போன்ற சவ்வு அடைத்திருந்தால் பின்னோட்டம் அதன் விளைவாகவே இருக்கக்கூடும், வைத்தியமும் அங்கிருந்துதான் தொடங்கும்.

சிறுநீரகத்திலிருந்து வரும் சிறுநீர்க்குழாய் சிறுநீர்ப்பையின் சுவருக்குள் சாய்வாக ஊடுருவிச் செல்லும் பகுதிதான் பின்னோட்டத்தைத் தடுக்கிறது; அது கைக்குழந்தைகளுக்குக் குட்டையாக இருந்து, வளர வளர நீள்கிறது. ஆகவே குறைந்த நிலைப் பின்னோட்டம் பெரும்பாலும் தானே சரியாகிவிடும். அதுவரை தினமும் குறைந்த அளவு ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா என்ற கேள்வியை, 607 குழந்தைகளை இரண்டாண்டுகள் கவனித்து 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஓரளவு தெளிவுபடுத்தியது: தொற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, ஆனால் சிறுநீரகத் தழும்புகள் குறையவில்லை. இதை மறைக்காமல் பெற்றோரிடம் சொல்லிவிட்டுத்தான் மருந்துச் சீட்டை எழுதுகிறேன்.

மலச்சிக்கலையும் சிறுநீரை அடக்கும் பழக்கத்தையும் சரிசெய்யாமல் மருந்து மட்டும் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் பகல் முழுவதும் தண்ணீரே குடிக்காத சிறுமிகளின் பாட்டில், காலையில் நிரப்பியபடியே மாலையில் வீடு திரும்பும். (இதை எந்த ஸ்கேனும் காட்டாது, அம்மாவிடம் கேட்டால்தான் தெரியும்.) இடைவேளைதோறும் கழிப்பறைக்கு அனுப்புங்கள் என்று வகுப்பாசிரியருக்கு நான் எழுதும் கடிதம் பலருக்கு மருந்துக்கு இணையாக உதவியிருக்கிறது.

மருந்து கொடுத்தும் காய்ச்சலோடு தொற்று திரும்பத் திரும்ப வந்தாலோ, சிறுநீரகத்தைப் படமெடுக்கும் டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேனில் புதிய தழும்பு தெரிந்தாலோ, எண்டோஸ்கோப் வழியாக சிறுநீர்க்குழாயின் வாயருகே ஜெல் ஊசி போடுவது அல்லது அந்தக் குழாயை மாற்றிப் பொருத்துவது பற்றி அறுவை மருத்துவரிடம் பேசுவோம். தழும்பு உள்ள பிள்ளைகளுக்குப் பின்னோட்டம் நின்ற பிறகும் ஆண்டுதோறும் ரத்த அழுத்தம் பார்த்து, சிறுநீரில் புரதம் உண்டா என்று சோதிக்க வேண்டும். பிள்ளை நன்றாக ஓடியாடுவதைப் பார்த்துப் பல குடும்பங்கள் வருவதை நிறுத்திவிடுகின்றன என்பதால், அடுத்து வரவேண்டிய தேதியை நோட்டின் முன்னட்டையிலேயே எழுதிக்கொடுக்கிறோம்.