ஏ.ஜி. ஆபீஸில் ஒரு தியான அறை

1948 ஜனவரி 4 அன்று பர்மா விடுதலை அடைந்தது. அன்றைக்கே அந்த நாட்டின் அக்கவுண்டன்ட் ஜெனரலாக (ஏ.ஜி., அரசுக் கணக்குகளுக்குத் தலைமை அதிகாரி) ஊ பா கின் பொறுப்பேற்றார். அதே அலுவலகத்தில் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதி, படிப்படியாக மேலே வந்தவர். 1950-இல் தன் ஊழியர்களுக்காக ஆபீஸிலேயே ஒரு விபாசனா தியானச் சங்கம் தொடங்கினார். பகலெல்லாம் தணிக்கைக் கோப்பு, அதற்கு முன்னும் பின்னும் தியானம். இரண்டு வருஷம் கழித்து ரங்கூனில் தனியாக ஒரு தியான மையமும் வந்தது. அப்போதும் மனிதர் அரசு வேலையை விடவில்லை. 1967 வரை அதில்தான் இருந்தார்.

நான் திருப்பூரில் சின்னச் சின்ன பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறவள். ஜிஎஸ்டி, டிடிஎஸ் மாதிரி வரிகள், தொழிலாளர்களுக்கான பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் வீட்டு முன்னறையில் வைத்துத்தான். ஊ பா கின் பற்றி முதன்முதலாகப் படித்தபோது பக்தியெல்லாம் வரவில்லை. ‘அட, நம்ம ஆளு’ என்றுதான் தோன்றியது.

அவருக்குக் கற்றுக்கொடுத்த சயா தெட் ஜி ஒரு விவசாயி. ரங்கூனுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் நெல் வயலும் குடும்பமுமாக இருந்தவர். அவருடைய குரு லெடி சயடா மட்டும் துறவி. ஊ பா கின்னிடம் கற்ற எஸ்.என். கோயங்கா பர்மாவின் மாண்டலேயில் பிறந்த மார்வாடி வியாபாரி. துறவி, விவசாயி, கணக்காளர், வியாபாரி. இந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. கோயங்கா 1955-இல் ஊ பா கின்னிடம் போனது ஞானம் தேடி அல்ல, தீராத ஒற்றைத் தலைவலிக்காக. தலைவலியைப் போக்கத்தான் வருகிறாய் என்றால் சேர்க்க முடியாது, வலி போவது கூடவே வருகிற பலன் மட்டும்தான் என்று ஊ பா கின் முதலில் தயங்கியிருக்கிறார். வந்த கஸ்டமரைத் திருப்பி அனுப்பும் தைரியம் நமக்கெல்லாம் எங்கே வருகிறது!

கோயங்கா 1969-இல் இந்தியா வந்து மும்பையில் முதல் வகுப்பை நடத்தினார். அதே பத்து நாள் பயிற்சிதான் இன்று சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கம் தம்ம சேது மையத்தில் நடக்கிறது. நான் போனதும் அங்கேதான். கட்டணம் கிடையாது. முழுதாக முடித்தவர்களிடம் மட்டும், அவர்கள் விரும்பினால், நன்கொடை வாங்குகிறார்கள். சாப்பாட்டுச் செலவை யாரோ முன்பின் தெரியாத ஒருவர் முன்னாடியே கட்டிவிட்டுப் போயிருக்கிறார் என்பது கணக்கு எழுதுகிறவளுக்கு விசித்திரமாக இருந்தது. எந்தத் தலைப்பில் வரவு வைப்பது?

காலை 4 மணிக்கு மணி அடிக்கும். போனை வாங்கி உள்ளே வைத்துவிடுவார்கள். பேச்சு, படிப்பு, எழுத்து எதுவும் கிடையாது. 11 மணிக்கு மதியச் சாப்பாடு, புதியவர்களுக்குச் சாயங்காலம் டீயும் பழமும், அவ்வளவுதான். முதல் மூன்று நாளும் மூக்கு வழியாக மூச்சு வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் மூச்சைப் பார்க்க உட்கார்ந்தால், மனசு யார் யார் எத்தனை மாதம் பீஸ் பாக்கி என்று பட்டியல் போட ஆரம்பித்துவிடும். அதுவும் தேதிவாரியாக. நான்காம் நாள் விபாசனா. தலையிலிருந்து கால்வரை உடம்பில் என்ன உணர்ச்சி இருக்கிறதோ அதை அப்படியே பார்த்துக்கொண்டு போவது. அதிலிருந்து தினமும் மூன்று தடவை, ஒரு மணி நேரம் கை கால் அசைக்காமல் உட்கார வேண்டும். முழங்கால் வலியைப் பற்றி ஒரு தனிப் பதிவே எழுதலாம், வேண்டாம்.

இதெல்லாம் வேலைக்கு எப்படி உதவுகிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது மாதத்தின் 20-ஆம் தேதியைத்தான். மாதாமாதம் போடும் ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். நூல் கொடுத்தவர் தன் பில்லை 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றியிருக்க மாட்டார். அதனால் 14-ஆம் தேதி வரும் 2பி என்கிற கிரெடிட் பட்டியலில் அது இருக்காது. பார்ட்டிக்கு, அதாவது என்னிடம் கணக்கு கொடுத்தவருக்கு, இந்த மாதம் அந்த கிரெடிட் (வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது, கையிலிருந்து பணம் கட்ட வேண்டும். இதை நான் ஐந்து நாள் முன்பே சொல்லியிருந்தாலும், போன் 20-ஆம் தேதி சாயங்காலம்தான் வரும். “ஏனுங்க்கா, இத்தன கட்டோணும்னு இப்பச் சொல்றீங்க?”

அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் எனக்கு நெஞ்சுக்குழியில் ஒரு இறுக்கம், காதோரம் சூடு. பதில் அப்புறம்தான் வாய்க்கு வரும். இந்த இடைவெளி முன்பும் இருந்திருக்கத்தான் வேண்டும், எனக்குத் தெரிந்ததில்லை. புலன் பட்டதும் உணர்வு வருகிறது, உணர்விலிருந்து வேண்டும் வேண்டாம் என்பது வருகிறது என்று புத்தர் வரிசை சொல்கிறார். சங்கிலியை அறுக்க அந்த உணர்வின் இடம்தான் தோது. இப்போது பல தடவை அந்தச் சூட்டைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். சில 20-ஆம் தேதிகளில் அதுவும் நடப்பதில்லை.

சரி, தியானம் என்றால் இவ்வளவுதானா என்றால், இல்லை. எனக்குச் சலிப்பூட்டும் விஷயமே, கோபத்தைக் குறைக்கும் கருவியாக மட்டும் இதை விற்பதுதான். 1979-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் தியானத்தை வைத்துப் பல வாரப் பயிற்சி ஒன்றை வகுத்தார். தீரா வலிக்காரர்களுக்கு அது நல்ல காரியம். அதன் பேரப்பிள்ளைகளாக வந்த கம்பெனி வகுப்புகளில் மூச்சு மட்டும் மிஞ்சி, ஐந்து சீலங்கள் என்கிற ஒழுக்க விதிகள் காணாமல் போயின. பத்து நாள் பயிற்சியில் முதல் மூச்சுக்கு முன்பே அந்த ஐந்தையும் ஏற்க வேண்டும். கொலை, களவு, காமத் தவறு (பயிற்சி நாட்களில் காமமே), பொய், போதை வேண்டாம். இவற்றில் பொய்தான் எங்கள் தொழிலின் இடறுகல்.

பழைய பார்ட்டி ஒருவர். பேர் ஊர் வேண்டாம். “சரக்கு வராதுங்க்கா, பில்லு மட்டும் வரும். கிரெடிட் எடுத்துக் குடுத்துருங்க” என்றார். மாட்டேன் என்றேன். முன்பும் இதைத்தான் சொல்லியிருப்பேன், ஆனால் வரித்துறை நோட்டீஸ் பயத்தில். இந்தத் தடவை பயம் அவ்வளவாக இல்லை. வருஷ பீஸ் கையை விட்டுப் போய்விடக் கூடாது என்ற பிசுபிசுப்பான ஆசைதான் வயிற்றில் நன்றாகத் தெரிந்தது. மறுவாரமே அவர் ஃபைல்களை எடுத்துக்கொண்டு வேறு இடம் போய்விட்டார். வருத்தம் இல்லை என்று சொன்னால் அந்த நான்காவது சீலம் அங்கேயே உடைந்துவிடும்.

இப்படி ஒரு சமயத்தில்தான் புத்தரின் பேச்சுகளைத் தொகுத்த அங்குத்தர நிகாயத்தில் அனாதபிண்டிகருக்குப் புத்தர் சொன்னதைப் படித்தேன். அவர் பெரிய வணிகர். இல்லறத்தானுக்கு நான்கு சுகம் என்கிறார் புத்தர். நேர்மையாகச் சம்பாதித்த பொருள் இருப்பது, அதை அனுபவிப்பதும் தானம் செய்வதும், கடன் இல்லாதிருப்பது, பழி இல்லாதிருப்பது. முதல் மூன்றையும் சேர்த்தாலும் கடைசியின் மாகாணிக்கு ஈடாகாதாம். மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. என் அப்பா காலத்து வாய்ப்பாட்டில் இருந்தது. கடன் இல்லாததை ஒரு சுகமாக எண்ணிப் பட்டியலில் வைத்தவரை, ஓவர்டிராஃப்டில் ஓடும் இந்த ஊருக்கு எப்படி அறிமுகம் செய்வது என்று தெரியவில்லை.

புத்தரிடம் கேட்ட இன்னொரு இல்லறத்தார் கோலிய குலத்து தீகஜாணு. அவர் கேட்ட விதமே அழகு. நாங்கள் பிள்ளைகுட்டிகளோடு நெருக்கியடித்துப் படுக்கிறவர்கள், காசிச் சந்தனம் பூசுகிறவர்கள், பொன்னும் வெள்ளியும் வாங்குகிறவர்கள், எங்களுக்கு ஏற்றதாக ஏதாவது சொல்லுங்கள் என்கிறார். புத்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. திறமையாக உழை, சம்பாதித்ததைக் காப்பாற்று, நல்லவர்களோடு பழகு, வரவறிந்து செலவழி என்கிறார். தராசு பிடிப்பவனுக்கு எந்தத் தட்டு எவ்வளவு தாழ்ந்தது, எவ்வளவு உயர்ந்தது என்று தெரிவதுபோல வரவும் செலவும் தெரிந்திருக்க வேண்டுமாம். ராஜகிருகத்து சிகாலன் என்ற இளைஞனிடம் கணக்கே போட்டுக் காட்டுகிறார்: வருமானத்தில் ஒரு பங்கு அனுபவிக்க, இரண்டு பங்கு தொழிலில் போட, நான்காவது பங்கு சேமிப்பு. தொழிலில் பாதி! என் பார்ட்டிகளில் பாதிப் பேர் அந்தப் பணத்தைக் கல்யாண மண்டபத்தில் போடுகிறார்கள்.

போய்வர நினைக்கும் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பத்து நாள் என்றாலும் வந்து சேரும் நாளும் கிளம்பும் நாளும் சேர்த்துப் பன்னிரண்டு ஆகிவிடும். என் மாமியார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டதால்தான் என்னால் போக முடிந்தது. அந்த வசதி இல்லாதவர்களிடம் ‘நேரம் ஒதுக்கினால் முடியும்’ என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வராது. விண்ணப்பத்தில் உடல்நிலை, மனநிலை, சாப்பிடும் மாத்திரை எல்லாம் கேட்பார்கள். ஒளிக்காமல் எழுதுங்கள். தீவிர மனநோய் இருப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று அவர்களே சொல்கிறார்கள். திரும்பி வந்த பிறகு காலை ஒரு மணி, மாலை ஒரு மணி உட்காரச் சொல்வார்கள். எனக்குக் காலை மட்டும்தான் வாய்க்கிறது, மாலையில் முன்னறை நிறைய ஆட்கள்.

தொழில்காரர்கள் தேதி பார்க்கும்போது ஜூலை முதல் அக்டோபர் வரை விட்டுவிடுங்கள், அவை வருமான வரியும் ஆடிட்டும் பிடுங்கும் மாதங்கள். நவம்பர் 20-க்கு 3பி போட்டுவிட்டு அடுத்த ஓரிரு நாளில் தொடங்கும் வகுப்பில் இடம் கிடைத்தால் நல்லது. டிசம்பர் 7-க்கு டிடிஎஸ் கட்ட ஊருக்கு வந்து சேர்ந்துவிடலாம்.