போகலாம், சரி... திரும்புவது எப்படி?

துணை விமானியாகச் சேர்ந்து நாலாவது மாதம். புறப்பட ஐம்பது நிமிடம் இருந்தது. விமானத்தின் பழுதுகளைக் குறித்துவைக்கும் டெக் லாக் புத்தகத்தைத் திறந்தால் இன்ஜினியர் கையெழுத்தோடு ஒரு புது வரி: ஏ.பி.யு. வேலை செய்யாது, எம்.இ.எல். படி பழுதுபார்ப்பு ஒத்திவைப்பு. சுவிட்ச் பக்கத்தில் ஸ்டிக்கரும் ஒட்டியாகிவிட்டது.

ஏ.பி.யு. என்பது வாலில் இருக்கும் குட்டி எஞ்சின். தரையில் நிற்கும்போது மின்சாரம், ஏசி, பெரிய எஞ்சினைச் சுழற்றிவிடும் அழுத்தக் காற்று எல்லாம் அதிலிருந்துதான் வரும். அது இல்லையென்றால் அந்தக் காற்றைத் தர, தரையில் ஒரு காற்று வண்டி வேண்டும். எந்தெந்தப் பாகம் பழுதாக இருந்தால் பறக்கலாம், என்ன நிபந்தனை, எத்தனை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லும் பட்டியல்தான் எம்.இ.எல். பி வகைக்கு 3 நாள், சி வகைக்கு 10, டி வகைக்கு 120. பழுதைக் கண்டுபிடித்த நாள் கணக்கில் சேராது. எங்கள் பட்டியலில் இது சி. 10 நாள் இருக்கிறதே என்று நிம்மதியானேன்.

கேப்டன் பழைய பக்கங்களைப் புரட்டச் சொன்னார். எஞ்சின் ஜெனரேட்டர் ஒன்று ஏற்கெனவே ஒத்திவைப்பில் இருந்தால், அதற்கு ஈடாக ஏ.பி.யு. ஓடியாக வேண்டும். தனித்தனியாக அனுமதி உள்ள இரண்டு பழுதுகள் இப்படி ஒன்று சேர்ந்தால் விமானம் நகரக் கூடாது. நல்லவேளை, அப்படி எதுவும் இல்லை.

"இங்கே காற்று வண்டி இருக்கு, கிளம்பிடலாம். அங்கே எதை வச்சு ஸ்டார்ட் பண்ணுவீங்க?" என்றார்.

அது எனக்குத் தோன்றவே இல்லை. போய் இறங்கும் ஊருக்குப் போன் போட்டுக் கேட்டோம். அங்கே இருப்பது ஒரே ஒரு காற்று வண்டி, அதுவும் பழுதாகிக் கிடந்தது. ஒரு எஞ்சினை ஓடவிட்டபடியே பயணிகளை இறக்கி ஏற்றினால் என்ன என்று கேட்டுவைத்தேன். அவர் பார்த்த பார்வையில் கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஆபரேஷன்ஸில் முணுமுணுத்தார்கள். ஆனால் கேப்டன் ஏற்றுக் கையெழுத்துப் போடாமல் எந்த விமானமும் கிளம்பாது. எழுபது நிமிடம் கழித்து வேறு விமானம் கிடைத்தது. டயர், பிரேக், விளக்குகள் என்று சுற்றிப் பார்க்கும் வேலை மறுபடி முதலிலிருந்து. பழைய விமானத்தைக் காற்று வண்டி உள்ள ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். அதே பழுதோடு, முறைப்படியே அது எங்களுக்கு முன்னால் பறந்துபோனது.

புது விமானத்தின் டெக் லாக்கிலும் ஒரு ஒத்திவைப்பு இருந்தது. காபி மெஷின். கேப்டன் அதை இரண்டு முறை படித்துவிட்டு, பெருமூச்சோடு கையெழுத்துப் போட்டார்.