நினைவு மலரில் வராத அம்மம்மா

அம்மம்மா போன வருடம் 93 வயதில் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு அடித்த நினைவு மலரில் அவருடைய வாழ்க்கை ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. 1931 இல் யாழ்ப்பாணத்து நீர்வேலியில் பிறந்தார், இன்னாரைக் கைப்பிடித்தார், ஆறு பிள்ளைகள், அதில் நாலு பேர் கனடாவில், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள், பிறகு தேவார திருவாசகங்கள். எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் எழுபது வருடத்துக்கு மேலாக வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக அவர் போய் வந்த தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலைப் பற்றி அதில் 'முருக பக்தை' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. ஒரு வருடம் நிறைகிற ஆட்டைத் திவசத்துக்காக அம்மா கனடாவில் இருந்து வந்திருந்தார். திவசம் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை இரண்டு பேருமாகச் சந்நிதிக்குப் போய் அம்மம்மாவின் பெயரில் அன்னதானம் கொடுத்தோம்.

விடியவே வெளிக்கிட்டோம். சிறுப்பிட்டி, புத்தூர், அச்சுவேலி என்று போகப் போகச் செம்மண் தோட்டங்கள் குறைந்து, பிறகு வெளியும் உப்புக்காற்றுமாகி, ஆறு தெரியும்போதே கோயிலும் தெரிந்துவிடும். அம்மம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதே வழியில் மாட்டு வண்டிலில், அயலட்டைப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து, இரவே புறப்பட்டு வருவார்களாம். போர்க்காலத்தில் அந்தப் பக்கம் இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் போனபிறகு வல்லை வெளியால் சுற்றித்தான் வரவேண்டியிருந்தது. பாதை மாறியதைப் பற்றி அவர் அலுத்துக்கொண்டதே இல்லை, பஸ் பிந்தினால்தான் கோபம் வரும்.

சந்நிதி மற்றக் கோயில்களைப் போல இல்லை. மூலஸ்தானத்தில் வேல்தான். மருதர் கதிர்காமர் என்ற கடற்றொழிலாளிக்கு முருகனே வழிகாட்டி, இலங்கையின் தெற்கில் இருக்கிற கதிர்காமத்து முறையில் பூசை செய்யச் சொன்னான் என்பது ஐதீகம், இன்றைக்கும் அவருடைய வழிவந்தவர்கள்தான் பூசகர்கள். வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் எதுவும் சொல்லாமல் மௌனமாகப் பூசை செய்வார்கள். ஆலமிலையில் அமுது படைப்பார்கள். அந்த அமுதை மருந்தாக நினைத்து, நோய் மாறும்வரை கோயிலிலேயே தங்கிச் சாப்பிடுகிறவர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். கதிர்காமத்துக்கான பாதயாத்திரை இங்கிருந்துதான் தொடங்கும். அன்னதானக் கந்தன் என்று சனம் கூப்பிடுவது சும்மா இல்லை, சுற்றியிருக்கிற மடங்களில் அடுப்பு அணைகிற நாளைக் காண்பது அரிது.

அம்மம்மாவின் இடம் அந்த மடங்களில் ஒன்றின் பின்பக்கம். மற்றவர்கள் கற்பூரச்சட்டி எடுப்பார்கள், அடிக்கொருதரம் விழுந்து கும்பிட்டு அடியழிப்பார்கள், உருண்டு பிரதட்டை செய்வார்கள். அவர் உள்ளே போய் வேலைக் கும்பிட்டு, திருநீறு பூசி, நேரே மடத்துக்குப் போய் மரக்கறிக்கு முன்னால் இருந்துவிடுவார். "சந்நிதிக்கு வந்து சும்மா இருக்கக் கூடாது மோனை, ரெண்டு காயாவது வெட்டு" என்று எங்களையும் இருத்திவிடுவார். தன்னுடைய தோட்டத்து வாழைக்காய்க் குலை ஒன்று எப்போதும் கூடவே வரும். நீர்வேலி ஆக்களுக்கு வாழை வெட்டச் சொல்லித்தரத் தேவையில்லை. கையில் நல்லெண்ணெய் பூசி, இரண்டு நுனியையும் கொத்தி, மேல்தோலை மட்டும் கடதாசி மாதிரி மெல்லிசாகச் சீவி உப்புத் தண்ணீருக்குள் போடுவார். சீவிய தோலையும் வறைக்கு என்று வேறாக எடுத்து வைப்பார். எண்ணெய் பூசியும் வலது பெருவிரலில் வாழைக்காய்க் கயரின் கறை கறுப்பாக ஏறிப்போய் இருந்தது, எந்தச் சவர்க்காரத்துக்கும் போகவில்லை. சிறுவயதில் நான் அதை மச்சம் என்றே நினைத்திருந்தேன்.

1986 இல் சந்நிதியின் பெரிய தேர் எரிக்கப்பட்டது. அந்தத் தேரின் வடம் பிடித்து வளர்ந்தவர் அவர். இரண்டு நாள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்று அம்மா சொல்வார். பிறகு பாதை திறந்த முதல் வெள்ளிக்கிழமையே குலையோடு போய்விட்டாராம். 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது வல்லைப் பாலம் தாண்டி உடுப்பிட்டியில் உறவுக்காரர் வீட்டில் ஒரு அறையில் பதினொரு பேராக இருந்தார்கள். அங்கிருந்து அவர் நடந்தே சந்நிதிக்குப் போய், இடம்பெயர்ந்து வந்தவர்களுக்குக் கஞ்சி காய்ச்சுகிற இடத்தில் நின்றிருக்கிறார். 1996 இல் ஊர் திரும்பும்வரை இப்படித்தான். அந்த மாதங்களில் அகதியாக இருந்தேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை, "சந்நிதிக்குக் கிட்ட இருந்த நேரம்" என்றுதான் சொல்வார். வீடு கூரையில்லாமல் கிடந்ததையும், தோட்டம் காடாகிப் போனதையும் அதே குரலில்தான் சொல்வார். எனக்கு இந்த மனுசியின் பக்தி விளங்கியது அந்தப் பேச்சில்தான், வேறெந்தப் புராணத்திலும் இல்லை.

கடைசிக் காலத்தில் முழங்கால் விடவில்லை. அப்புறம் ஞாபகமும் தடுமாறத் தொடங்கியது. பிள்ளைகளின் பெயர்கள் மாறி மாறி வரும், ஆனால் வெள்ளிக்கிழமை மட்டும் பிழைக்காது, மாமாவைக் கூப்பிட்டுக் குலை வெட்டினதோ என்று கேட்பார். ஆவணியில் நல்லூர்த் தீர்த்தம் முடிந்தால் சந்நிதித் திருவிழா என்பதும் பிழைக்கவில்லை.

நாங்கள் போன அன்று மடத்தில் அரிசி ஏற்கெனவே கிடாரத்தில் ஏறியிருந்தது. காசைக் கட்டிவிட்டுப் பந்தி நேரம் வரட்டும் என்று வெளியே நிற்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. சேலையைச் சொருகிக்கொண்டு உள்ளே போய் கத்தரிக்காய்க் கடகத்துக்கு முன்னால் இருந்துவிட்டார். கனடாவில் இத்தனை வருடம் இருந்தவர், நிலத்தில் சம்மணம் கட்டி இருந்த வேகத்தைப் பார்க்க எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சமையலுக்குப் பொறுப்பான ஐயா கொஞ்ச நேரம் அம்மாவின் கையையே பார்த்துவிட்டு, "நீங்கள் நீர்வேலி ஆச்சியின்ர மகளோ?" என்று கேட்டார். அம்மா அழுதுவிட்டார். திவசத்தன்றுகூட அழாதவர்.

பூசை முடிந்து, சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் பாயசமுமாக முதல் பந்தி தொடங்கியது. முதல் வரிசையில் தலைமொட்டையோடு ஒரு சின்னப் பெடியன், தாயோடு மடத்தில் தங்கி நிற்கிறான் போல, பாயசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினான். அவனுக்கு அம்மாதான் ஊற்றினார். எல்லாப் பந்தியும் முடிய மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டது.

வெளிக்கிடும்போது ஐயாவிடம் சொல்லிக்கொள்ளப் போனோம். அம்மா பயணம் போக இன்னும் மூன்று கிழமை இருக்கிறது, அதுவரை வெள்ளிக்கு வெள்ளி வருகிறோம் என்றார். "வாங்கோ பிள்ளை. ஆனா கத்தரிக்காய் இஞ்ச கிடக்கு, வாழைக்காய் கொண்டு வாங்கோ. வியாழன் பின்னேரமே வெட்டி வையுங்கோ."