48 மணி நேரத்தில் சொல்ல வேண்டியதை ஒன்பது வருஷம் கழித்துச் சொன்னேன்

எங்கள் வீட்டுக் கிளியின் பெயர் மீனா. மூன்றாவது வருஷம் கழுத்தில் கறுப்பும் ரோஜா நிறமுமாக ஒரு வளையம் விழுந்தபோதுதான் அது ஆண் என்று தெரிந்தது. பெட்டைக்கு அந்த ஆரம் வராது. "மதுரையில கிளிக்கு வேற என்னடா பேரு வைப்பாங்க?" என்றார் அம்மா. பெயர் மாறவில்லை.

2014 மாசியில் உசிலம்பட்டிப் பக்கம் மாமா தோட்டத்தில் ஒரு மொட்டைப் பனை காற்றில் சாய்ந்தது. பொந்துக்குள் இரண்டு குஞ்சுகள். மாமா துண்டில் சுற்றி பஸ்ஸிலேயே கொண்டுவந்து சேர்த்தார். பாலில் சோற்றைப் பிசைந்து ஊட்டினோம். பறவைக்குப் பால் செரிக்காது என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாம் நாள் ஒன்று செத்தது. பிழைத்ததுதான் மீனா. "நாம எடுக்கலைன்னா காக்கா தின்னுருக்கும்" என்பது அடுத்த ஒன்பது வருஷமும் எங்கள் வீட்டில் யாரும் மறுக்காத வாக்கியம்.

2023 ஜூலையில் மதுரை மாவட்ட வனத்துறை அறிவிப்பு வந்தது. வீட்டில் கிளி வைத்திருப்பவர்கள் கெடுவுக்குள் ஒப்படைக்க வேண்டும், தவறினால் நடவடிக்கை. அன்று மாலைக்குள் தெரு வாட்ஸ்அப் குழுவில் 'கிளி வளர்த்தால் 7 வருடம் ஜெயில், புதுச் சட்டம்' என்று ஒன்று சுற்றத் தொடங்கிவிட்டது. பக்கத்துத் தெருவில் ஒருவர் பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாகக் கூண்டைத் திறந்துவிட்டார். காலையில் அது எதிர்வீட்டு சன்ஷேடில் உட்கார்ந்திருந்தது. பறக்கத் தெரியவில்லை. மத்தியானம் பூனை பிடித்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் சட்டத்தையே எடுத்துப் படித்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் தெரிந்தது, அது புதுச் சட்டமே இல்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. நம் நாட்டுப் பறவைகளைப் பிடித்து விற்பதற்கு 1990-களின் தொடக்கத்திலிருந்தே தடை. 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது எந்த உயிருக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று பிரிக்கும் பழைய ஆறு அட்டவணைகள் நான்காகச் சுருங்கின, நான்காம் அட்டவணையில் கிடந்த பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணைக்கு ஏறியது. கிளிக்கு முக்கியமாகப் புதுசு அதுதான். மாமா துண்டில் சுற்றிக் கொண்டுவந்த காலத்திலேயே அதை வீட்டில் வைத்துக்கொள்வது குற்றம்தான்.

ஏழு வருஷம் என்பதும் தப்பு. அது புலி, யானை இருக்கும் முதல் அட்டவணைக்கு. கிளிக்கு அதிகபட்சம் மூன்று வருஷம், அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதைப் படித்து நிம்மதி அடைந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

என்னை உட்காரவைத்தது 39-ஆம் பிரிவு. இப்படிப் பிடித்த, அடைத்து வைத்த வன உயிர் மாநில அரசின் சொத்து. அது எந்த வழியில் கைக்கு வந்திருந்தாலும் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். ஆக, பனை விழுந்து குஞ்சு கிடைத்தால் என்ன செய்வது என்பதற்குச் சட்டம் அப்போதே வழி வைத்திருந்தது. 'காப்பாற்றுவது' குற்றம் இல்லை. காப்பாற்றியதைச் சொல்லாமல் வைத்துக்கொள்வதுதான் குற்றம். ஒன்பது வருஷமாக அரசாங்கச் சொத்துக்குக் கொய்யாப்பழம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

2022 திருத்தத்தில் 42ஏ என்று ஒரு பிரிவு சேர்த்திருக்கிறார்கள். வைத்திருக்க விருப்பமில்லாதவர் ஏழு வேலை நாள் முன்னறிவிப்பு கொடுத்து ஒப்படைக்கலாம், நஷ்டஈடு கிடையாது. ஆகா, இதுதான் நம் வழி என்று நினைத்தேன். வக்கீலாக இருக்கும் நண்பன் ஒரே கேள்வியில் உடைத்தான்: "உரிமைச் சான்றிதழ் வச்சிருக்கியா?" அந்தப் பிரிவு சான்றிதழ் உள்ளவர்களுக்கு. நம்மைப் போன்றவர்களுக்கு இருக்கும் ஒரே வழி, நாமாகப் போய் உள்ளதைச் சொல்லி ஒப்படைப்பது. அதற்கு அறிவிப்பு வந்திருக்கும் இந்த நேரத்தை விட்டால் நல்ல நேரம் கிடைக்காது என்றான்.

சட்டத்தைப் படிக்க ஒரு ராத்திரி போதும். அம்மாவைச் சம்மதிக்க வைக்க ஒன்பது நாள் ஆனது.

அவருடைய முதல் வாதம் கோயில். "மீனாட்சி கையிலயே கிளி இருக்கு. கோயில்ல கிளிக்கூண்டு மண்டபம்னே ஒண்ணு இருக்குடா." இருக்கிறதுதான். பொற்றாமரைக் குளத்துக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் கிளிகளை அடைத்து 'மீனாட்சி' என்று சொல்லப் பழக்கிய இடம். "இப்ப அங்க கிளி இருக்காம்மா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. அடுத்த வாதம்: தெருமுனையில் கிளி ஜோசியக்காரர் உட்கார்ந்திருக்கிறாரே, அவரை யாரும் பிடிக்கவில்லையே? அவரும் அதே சட்டத்துக்குள்தான் வருகிறார் என்றால் நம்ப மறுத்தார்.

மூன்றாவது வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. மாடி வீட்டுப் பையன் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி வளர்க்கிறான். அவனுக்கு ஒன்றும் வராதா? வராது. 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்குள் தாமாக அறிவித்தால் எங்கிருந்து வந்தது என்று ஆவணம் கேட்க மாட்டோம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அவன் அப்பா அப்போதே ஆன்லைனில் பதிந்துவிட்டார். காட்டில் பிடித்ததை நாடு விட்டு நாடு விற்க உலக அளவில் தடை உள்ள பறவை அது. காங்கோ காட்டுக்கிளிக்கு மதுரையில் காகிதம் இருக்கிறது, உசிலம்பட்டிக் கிளிக்கு இல்லை. நம் காட்டில் பொந்து பொந்தாகக் கையை விட்டுக் குஞ்சு எடுப்பதைத் தடுக்க வேண்டும் என்பதால் உள்ளூர்ப் பறவைக்குக் கெடுபிடி, அது புரிகிறது. அங்கேயும் ஒரு பொந்து காலியாகியிருக்குமே என்பதுதான் அம்மாவின் கேள்வி. (2024 பிப்ரவரியில் வெளிநாட்டு உயிரினம் வைத்திருப்பதற்கு முறையான விதிகள் வந்துவிட்டன, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் 1,000 ரூபாய் கட்டிப் பதிய வேண்டும்.)

கடைசியில் அம்மாவை மாற்றியது சட்டம் இல்லை. கூண்டுக்குள் மீனாவை இறக்கையை விரிக்கச் சொல்லி அளந்து பார்த்தேன். இரண்டு இறக்கையும் முழுதாக விரியவில்லை, கம்பி இடித்தது. 1960 மிருகவதைத் தடைச் சட்டத்திலும் இது வருகிறது. அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பது வதை. முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். அம்மா அந்த ஐம்பது ரூபாயைக் கேட்டதும் சிரித்தார். பிறகு வெகுநேரம் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடிதம் ஒரு பக்கம்தான். அனுப்புநர், பெறுநர், 'பொருள்: பச்சைக்கிளி ஒன்றை ஒப்படைத்தல் தொடர்பாக'. 'வளர்த்து வந்தேன்' என்று எழுதியிருந்ததை நண்பன் 'பராமரித்து வந்தேன்' என்று திருத்தினான். எந்த வருஷம், எந்த ஊர், எப்படிக் கிடைத்தது, விலைக்கு வாங்கவில்லை என்பது எல்லாம் உள்ளபடி. இரண்டு பிரதி, ஆதார் நகல், ஒரு போட்டோ. முதல் நாளே வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்து, இத்தனை மணிக்குக் கிளியோடு வருகிறேன் என்று சொல்லிவைத்தேன். இதைக் கட்டாயம் செய்யுங்கள். வழியில் யாராவது நிறுத்தினால், கையில் கடிதமும் முன்பே பேசிய போன் பதிவும் இருப்பது வேறு, வெறும் கூண்டோடு நிற்பது வேறு.

கூண்டோடு ஆட்டோவில் போனால் ஊரே பார்க்கும். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, அடியில் பழைய துண்டு விரித்து வைத்தோம். இருட்டில் பறவை பதறாது. உண்மையில் சத்தமே இல்லாமல் வந்தது.

அலுவலகத்தில் எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். ஒருவர் கூண்டில் நான்கு கிளிகள். ஒரு பள்ளிக்கூடப் பெண் யூனிபார்மோடு அழுதுகொண்டிருந்தாள். வனவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். "எத்தனை வருஷம்? றெக்கை வெட்டுனீங்களா? என்ன போட்டீங்க?" வெட்டினோம் என்றேன், பொய் சொல்லத் தோன்றவில்லை. "பரவால்ல சார், உதிர்ந்து புதுசா முளைக்கும்" என்றார். "பேசுமா?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள், வெளியே யாரோ இரும்புக் கேட்டைத் தள்ளிய சத்தத்துக்கு மீனா, அப்படியே என் அப்பா குரலில், "யாருப்பா கேட்ல?" என்றது. அழுத பெண்கூடச் சிரித்துவிட்டாள். அப்பா இறந்து அப்போது நான்கு வருஷம். அம்மா எழுந்து வெளியே போனார்.

பதிவேட்டில் கையெழுத்து, பெருவிரல் அளவில் ஒரு குறிப்பு. வந்த வேலை அரைமணி நேரத்தில் முடிந்தது. கிளம்பச் சொன்னார்கள், நான் நின்றேன். கடிதத்தின் இரண்டாம் பிரதியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியும் முத்திரையும் கேட்டேன். "எதுக்கு சார், கேஸெல்லாம் போட மாட்டோம்" என்றார். நாளைக்கு யாராவது பெட்டிஷன் போட்டால் என் கையில் என்ன இருக்கும்? கேட்டதும் போட்டுக்கொடுத்தார். இன்று அது ரேஷன் கார்டு பைக்குள் இருக்கிறது.

அடுத்து என்ன ஆகும் என்று கேட்டேன். உடனே விட மாட்டார்கள். கையில் வளர்ந்த கிளிக்குப் பறக்கும் சதை இருக்காது, பூனையைக் கண்டால் பயமும் இருக்காது. பெரிய கூண்டில் மற்றக் கிளிகளோடு சேர்த்து, இறக்கை முளைத்து, பறக்கப் பழகிய பிறகுதான் வெளியே. தேறாதது காப்பகத்திலேயே இருக்கும். அம்மா திரும்பி வந்து, "போய்ப் பார்க்கலாமா?" என்றார்.

"வேணாம்மா. உங்க குரலைக் கேட்டா மறுபடி மனுசங்ககிட்டயே வரும்."

அம்மா தலையாட்டினார். பெட்டிக்குள் கையை விட்டு, முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த பச்சை மிளகாய் இரண்டைப் போட்டார்.

காலிக் கூண்டு ஒரு மாதம் பால்கனியில் தொங்கியது. பிறகு பழைய இரும்புக்காரர் வந்தபோது எடைக்குப் போட்டேன். தராசில் வைத்தவர் உள்ளே ஒட்டியிருந்த பச்சை இறகைப் பார்த்து, "கிளி செத்துருச்சாண்ணே?" என்று கேட்டார். இல்லை, வனத்துறையில் கொடுத்துவிட்டோம் என்றேன். தராசுக் கல்லைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. என்ன எழுதிக் குடுத்தீங்க?"