குண்டு பட்ட எருமையின் பின்னால்

லீவுக்குக் காரைக்குடி வந்தால் மாமா மகன்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டு, "அத்தான், சிங்கம் சுடுறதைப் பாத்தீங்களா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். தான்சானியாவில், வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் வந்து தங்கும் முகாம் ஒன்றில் கணக்கும் ஸ்டோரும் பார்க்கிறேன். நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை போட்டுவிட்டது. அங்கே உரிமமும் கட்டணமும் கட்டி இன்றும் நடக்கிறது. சிங்கத்தை விட்டுவிட்டு நான் காட்டெருமையைப் பற்றித்தான் சொல்வேன்.

வந்தவர் சுட்ட குண்டு சரியாகப் படாமல் எருமை புதருக்குள் ஓடிவிட்டால், அப்போதுதான் வழிகாட்டிக்கு வேலை ஆரம்பம். எங்கள் முகாம் வழிகாட்டி உடனே பின்னால் போக மாட்டார். தோட்டாவை நிரப்பிக்கொண்டு அரை மணி நேரமாவது காத்திருப்பார். துரத்தினால் அது இன்னும் தூரம் ஓடும். விட்டுப்பிடித்தால் பக்கத்திலேயே படுத்துவிடும்.

ஒருமுறை ஒரு புல்லைக் கிள்ளி என்னிடம் காட்டினார். ரத்தம் இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தது. நுரையீரலில் பட்டிருக்கிறது, அதிக தூரம் போகாது என்றார். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். மென்ற பச்சைத் தழை கலந்திருந்தால் வயிறு. அன்று பொழுதுக்கும் நடக்க வேண்டியதுதான்.

தடம் பார்ப்பவர் குனிந்து மண்ணையே பார்த்துப் போவார். வழிகாட்டி மண்ணைப் பார்க்கவே கூடாது, கண் முழுக்க முன்னாலும் பக்கவாட்டிலும்தான். அடிபட்ட எருமை சில நேரம் வளைந்து திரும்பி வந்து, தன் தடத்துக்கு ஓரமாகவே புதரில் நின்றுகொள்ளும். சிராவயல் மஞ்சுவிரட்டுக் காளைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கே அந்தப் புதர்களைக் கண்டால் உள்ளங்கை வியர்க்கும்.

விழுந்து கிடந்தாலும் நம்பக் கூடாது. பின்பக்கமாகப் போய், இன்னொரு குண்டு போட்டு, துப்பாக்கி முனையால் கண்ணைத் தொட்டுப் பார்ப்பார். இமை அசையாவிட்டால்தான் மற்றவர்களைக் கூப்பிடுவார்.

ரத்தம் சிந்திவிட்டால், மிருகம் கிடைக்காவிட்டாலும் கட்டணம் உண்டு. "பணம்தான் கட்டியாச்சே, போகலாம்" என்பவர்களும் வருகிறார்கள். வழிகாட்டி சம்மதிக்க மாட்டார். வலியோடு அலைகிற மிருகத்தை அப்படியே விடுவது பாவம். மறுநாள் அந்தப் பக்கம் தேன் எடுக்க வருகிறவன் அதன் முன்னால் போய் நிற்கவும் கூடாது. வேட்டை சரியா தவறா என்று எனக்குள் இன்னும் வாதம் ஓடுகிறது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை. இருட்டிவிட்டால், கடைசி ரத்தத்துளி கிடந்த இடத்தில் கிளையில் டிஷ்யூ பேப்பரைக் கட்டிவிட்டு வருவார். விடிந்ததும் அங்கிருந்துதான் மறுபடி தேடத் தொடங்குவார்கள்.