பொன்னுருக்குக்கு முன் ஓர் ஏலம்

2023 ஆவணியில் தம்பிக்குக் கலியாணம். தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்குச் சடங்குக்கு வேண்டிய பொற்காசைத் தானே தருவதாக லண்டனிலிருக்கும் சித்தி சொல்லியிருந்தார். மறைந்த சித்தப்பா 1989இல் வாங்கி, பெட்டியும் சான்றிதழுமாகப் பத்திரப்படுத்திய சவரின் அது; நாங்கள் பவுண் காசு என்று சொல்லும் பிரித்தானியப் பொற்காசு. "அவர்தான் இல்லை, அவருடைய பொன்னாவது தாலியில் இருக்கட்டும்" என்றார்.

வட்ஸ்அப்பில் அதன் படம் வந்ததும் எனக்குத் தயக்கம் தட்டியது. பவுண் காசு என்றால் குதிரைவீரன் பறவைநாகத்தை வெட்டி வீழ்த்தும் படம்தான் நான் கண்டு பழகியது. இதிலோ மகாராணி சிம்மாசனத்தில் நேர்முகமாக அமர்ந்திருந்தார். மறுபக்கம் முடி தாங்கிய கேடயமும் ரோசாப்பூவும்.

யாழ்ப்பாணத்தில், கஸ்தூரியார் வீதியில் எங்களுக்கு வழக்கமாக நகை செய்யும் பத்தரிடம் படத்தைக் காட்டினேன். "உருக்கினால் எல்லாப் பவுணும் ஒன்றுதான் பிள்ளை. ஆனால் உருக்கியதைத் திரும்பக் காசாக்க முடியாது. விசாரித்துவிட்டு வாருங்கள்" என்றார். 22 கரட்டில் 7.98 கிராம், அதில் சுத்தப் பொன் 7.32 கிராம். நாங்கள் எட்டுக் கிராமைப் பவுண் என்று சொல்வதே இந்தக் காசின் நிறையால் வந்த வழக்கு. பொன்னாக மட்டும் பார்த்தால் அப்போது ஏறத்தாழ 360 ஸ்டெர்லிங் (பிரித்தானியப் பணம்) பெறும்.

விசாரித்தபோது தெரிந்தது இதுதான். முதல் சவரின் 1489இல் ஏழாம் ஹென்றி காலத்தில் அடிக்கப்பட்டது. அதன் 500ஆவது ஆண்டுக்காக, பழைய சிம்மாசன உருவத்தை நினைவூட்டி, 1989இல் மட்டும் இந்த வடிவம் வந்தது. அதுவும் கண்ணாடிபோல் மெருகிட்ட 'புரூஃப்' காசாக மட்டுமே. சேகரிப்பவர்கள் இதைத் தேடுகிறார்கள். சித்தியிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "அப்படியானால் நீயே பார்த்துச் செய்" என்றார். அவருடைய மகன் இணைய ஏலத்தில் போடலாம் என்றான்.

உடனே போடவில்லை. இதே காசுகள் ஏலம் போவதை மூன்று வாரம் கவனித்தோம். முதலாவது 1,900 ஸ்டெர்லிங்குக்குப் போனது. வீடே மகிழ்ந்தது. அடுத்த வாரம் அதே காசு, அதே பெட்டி, 1,250இல் நின்றுவிட்டது. பொன்விலை அந்த வாரம் பெரிதாக அசையவேயில்லை. எனக்கு இது விளங்கியே ஆக வேண்டியிருந்தது.

இரண்டு ஏலங்களிலும் யார் எவ்வளவுக்குக் கேட்டார் என்ற பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். பெயர்கள் மறைக்கப்பட்டிருந்தாலும் எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ண முடிகிறது. முதல் ஏலத்தில் ஏழு பேர். 1,200க்குள் ஐந்து பேர் விலகிவிட்டார்கள். அதற்கு மேல் ஏற்றியது இரண்டே பேர். இணைய ஏலத்தில் தன் உச்சத்தொகையை ஒருவர் முன்கூட்டியே எழுதிவிடலாம். எதிராளி கேட்கக் கேட்க, கணினி அவருக்காகப் படிப்படியாகக் கேட்டுக்கொண்டு போகும். வென்றவர் 3,000 எழுதியிருந்தாலும், இரண்டாமவர் நிறுத்திய இடத்துக்கு ஒரு படி மேலேதான் கொடுப்பார். ஆக, அந்த 1,900 தோற்றுப்போனவர் தீர்மானித்த விலை. வென்றவருக்கு வேண்டிய பொற்காசு கிடைத்துவிட்டது. மறுவாரம் அவர் வரவில்லை. தோற்றவரோடு போட்டி போட ஆள் இல்லாதபோது விலை கீழேதானே நிற்கும்?

அம்மா இதை ஒரே வார்த்தையில் பிடித்துக்கொண்டார்: "கோயில் மாம்பழம்." திருவிழாவில் ஒரு மாம்பழம் பல ஆயிரம் ரூபாய்க்கு ஏலம் போவதால், மறுநாள் எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் மாம்பழ விலை ஏறுவதில்லை. இணையத்திலோ அந்த ஒரு மாம்பழத்தின் விலை உலகம் முழுவதற்கும் தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் அடுத்த வாரம் தங்கள் காசுகளைக் கொண்டுவந்து போடுகிறார்கள். ஒரே வடிவம் நான்கைந்து சேர்ந்தால் கேட்பவர்கள் பிரிந்துபோகிறார்கள். ஆகவே அந்தக் கூட்டம் கலையும்வரை நாங்கள் காத்திருந்தோம்.

தொடக்க விலையில்தான் எனக்கும் தம்பிக்கும் வாக்குவாதம். ஆயிரத்திலிருந்து தொடங்கச் சொன்னேன். "அக்கா, தொடக்கத்திலேயே உயர வைத்தால் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்" என்று 300இல் தொடங்கி, 1,100க்குக் கீழே விற்காதபடி மறைவிலை வைத்தான். அவன் சொன்னதுதான் சரி.

ஜூனில் ஒரு ஞாயிறு, லண்டனில் இரவு எட்டு மணிக்கு முடிவு. இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. கடைசி நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் நீளும் ஏலம் அது. நேரம் நீளாத ஏலங்களில் கடைசி நொடியில் பாய்ந்து கேட்பவர்கள் அதிகம். மற்றவர்களுக்கு யோசிக்க இடமில்லாமல் விலை பாதியில் நின்றுவிடும். எங்களுடையது நான்கு முறை நீண்டு 1,400இல் முடிந்தது.

அந்த 1,400ஐ அப்படியே நம்பியிருந்தால் ஏமாந்திருப்போம். வாங்கியவர் அதற்குமேல் 20 வீதக் கட்டணமும் அந்தக் கட்டணத்துக்கு வற் (VAT) வரியும் கட்டுகிறார்: மொத்தம் 1,736. எங்களிடம் 10 வீதமும் அதன் வரியும் கழித்தார்கள்: கையில் 1,232. நடுவில் நின்ற 504 ஸ்டெர்லிங், ஒரு சவரினிலுள்ள பொன்னின் விலையைவிடக் கூட. கேட்பவர் தன் கட்டணத்தைக் கணக்கிட்டுத்தான் கேட்கிறார் என்பதால், அந்தச் சுமையிலும் பெரும்பங்கு விற்பவர் தலையில்தான் விழுகிறது. போடுவதற்கு முன்பே இந்தக் கணக்கை எழுதிப் பார்த்துவிட வேண்டும்.

கிடைத்த பணத்தில் சாதாரண சவரின்கள் வாங்கினோம், குதிரைவீரன் உள்ளவை. ஏலத்தில் வாங்கவில்லை. சாதாரணக் காசுகளைக்கூட அங்கே போட்டியில் ஏற்றிவிடுகிறார்கள். கட்டணமும் சேர்ந்தால் கடை விலையைத் தாண்டிவிடும். கடையில் ஒன்று 385ஆக மூன்று.

சித்தி அவற்றைச் சுங்கத்தில் அறிவித்துக் கொண்டுவந்தார். பொன்னுருக்கன்று ஒன்றைத் தம்பி பத்தரிடம் கொடுத்தான். உருகித் திரண்ட பொன் வெற்றிலைத் தட்டத்தில் கைமாறிக் கைமாறி வந்தபோது, சித்தி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மற்ற இரண்டும், எங்கள் வீட்டு வழக்கப்படி, தாலிக்கு இருபுறமும் கொடியில் கோர்க்கப்பட்டன.