அரச தொப்பியின் உள்பக்கம்

பிரிட்டிஷ் அரச குடும்பத்துப் பெண்களின் தொப்பிகள் என்றதும் பேச்சு நிறம், பூ, இறகு என்று போகும். தொப்பி செய்கிறவர்கள் அதைக் கையில் வாங்கியதும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பார்கள். உள்ரிப்பன் எப்படித் தைத்திருக்கிறது, விளிம்புக் கம்பியின் இணைப்பு எங்கே வருகிறது, எலாஸ்டிக் எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று பார்த்தாலே போதும். அது ஒரு போட்டோவுக்காகச் செய்ததா, நாள் முழுக்கத் தலையில் இருக்கச் செய்ததா என்பது தெரிந்துவிடும். அரசிக்கான தொப்பி இரண்டாவது வகை. அதைப் போட்டுக்கொண்டு காரில் ஏறி இறங்க வேண்டும், காற்றில் நிற்க வேண்டும், குனிந்து ஒரு குழந்தையிடம் பூங்கொத்து வாங்க வேண்டும். அவ்வளவு நேரமும் முகம் வெளியே தெரிய வேண்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் வடிவத்தையே தீர்மானிக்கிறது. அகலமான விளிம்பு நெற்றிக்கு மேல் நீண்டால் உச்சி வெயிலில் கண்ணும் மூக்கும் நிழலில் போய்விடும். இந்தச் சிக்கலை மேரி அரசி விளிம்பே இல்லாத டோக் தொப்பியால் தீர்த்துக்கொண்டார். இரண்டாம் எலிசபெத்தின் அம்மாவான ராணித் தாய் எலிசபெத் விளிம்பை முழுக்க மேலே மடித்து, இறகும் வலையும் வைத்தார். ஐந்தடி நாலங்குல உயரம்கூடச் சரியாக வராத இரண்டாம் எலிசபெத்துக்கு உயர்ந்த உச்சியும் முன்பக்கம் தூக்கிய குட்டை விளிம்பும் வழக்கமாயின. கூட்டத்தின் பின்வரிசையில் நிற்பவருக்கும் தொப்பி தெரியும், முன்வரிசைக்கு முகம் தெரியும்.

அந்த ஏற்பாடும் ஒரு நாள் கவிழ்ந்தது. 1991 மே மாதம் வாஷிங்டன் வரவேற்பில், உயரமான அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் பேசிய அதே மைக் மேடைக்குப் பின்னால் அரசி நிற்க வேண்டியிருந்தது. எதிரே இருந்த காமிராக்களுக்கு மைக்குகளும் அவற்றுக்கு மேல் ஒரு கோடு போட்ட தொப்பியும்தான் கிடைத்தன. ‘பேசும் தொப்பி’ என்று பத்திரிகைகள் எழுதின. இரண்டு நாள் கழித்து அமெரிக்க நாடாளுமன்றத்தில், இன்றாவது நான் உங்கள் கண்ணில் படுகிறேன் என நம்புகிறேன் என்ற பொருளில் அவர் பேச்சைத் தொடங்கியதும் சபை சிரித்தது. தப்பு மேடையுடையது, தொப்பியுடையது அல்ல. ஆனாலும் தொப்பியின் மாதிரியை நேர் எதிரே வைத்துப் பார்த்துத் திருப்திப்படுவது போதாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. கீழிருந்து, மேலிருந்து, இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும்.

வேலை அச்சுக்கட்டையில் தொடங்கும். தொப்பியின் வடிவில் மரத்தில் கடைந்த இந்தக் கட்டைகளுக்கு லண்டனுக்கு வடக்கே உள்ள லூட்டன் நகரம் பெயர்போனது. கோடைத் தொப்பிக்கு அதிகம் பயன்படுவது சினாமே. வாழைக்குடும்பத்து அபாகா நாரில் பிலிப்பைன்ஸில் நெய்து வருவது. இதை நேராக வெட்டினால் உச்சியின் வளைவில் மடிப்பு விழும். கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டி, இரண்டு அல்லது மூன்று அடுக்காக, அடுக்குக்கு அடுக்கு இழைத்திசை மாறும்படி வைக்க வேண்டும். ஈரப்படுத்தி, பிளாஸ்டிக் தாள் சுற்றிய கட்டையின் மேல் இழுத்து, அடியில் கயிறு கட்டி, ஊசி குத்தி, ஓர் இரவு காயவிட வேண்டும். அவசரப்பட்டுப் பாதி காய்ந்த நிலையில் கழற்றினால் உச்சி மெல்லத் தளர்ந்து பழைய நிலைக்குத் திரும்பும். விறைப்புப் பசை கெட்டியாகப் போனால் நெசவின் கண்களில் படலம் கட்டிக்கொள்ளும். கையில் இருக்கும்போது தெரியாது. காமிரா ஃபிளாஷ் பட்டதும் ஒவ்வொரு கண்ணும் பளபளக்கும். அதனால் நீர்க்கப் பூசி, உலர்த்தி, மறுபடி நீர்க்கப் பூசுவதே நல்லது.

குளிர்காலத்துக்கு ஃபெல்ட், நெய்யாமல் ரோமத்தை அழுத்திச் செய்யும் துணி. முயல் ரோமத்தில் செய்த ஃபெல்ட் நீராவியில் நன்றாக இளகும், வளைந்த இடத்திலும் மொழுமொழுவென்று இருக்கும். கம்பளி ஃபெல்ட் விலை குறைவு, ஆனால் இழுத்த இடத்தில் தடிமன் ஒழுங்கில்லாமல் போகும். விறைப்புக்கு ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை உள்பக்கம் மட்டும் பூசுவார்கள். காற்றில் ஈரம் அதிகமுள்ள நாளில் பூசினால் வெள்ளை பூத்துவிடும், கருநீலத்திலும் கறுப்பிலும் அது பளிச்சென்று தெரியும். இறுதிச் சடங்குக்கான கறுப்புத் தொப்பிகள் பெரும்பாலும் அவசர வேலைகள் என்பதால் இந்தக் கோளாறு அங்கேதான் அதிகம்.

விளிம்பின் குணம் கம்பியில் இருக்கிறது. நூல் சுற்றிய கம்பி சுருளாக வரும். அந்தச் சுருளின் வளைவை விரலால் நீவி எடுக்காமல் தைத்தால் விளிம்பு ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். விளிம்பின் சுற்றளவோடு 5 செ.மீ. கூட்டி வெட்டி, இரண்டு முனையும் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி நடுப்பின்பக்கத்தில் இணைத்து, காஜா எடுப்பதுபோல் சுற்றித் தைக்க வேண்டும். கம்பி விளிம்பைவிடக் குட்டையாக இருந்தால் விளிம்பு கிண்ணமாகக் குவியும், நீளமாக இருந்தால் அலையலையாக நெளியும். நெளிகிற விளிம்பை இஸ்திரியால் சரி பண்ண முடியாது. பிரித்துத்தான் தைக்க வேண்டும்.

தலையளவை முடிவு செய்வது உள்ளே வரும் பீட்டர்ஷாம் ரிப்பன். இதன் ஓரம் பல்பல்லாக இருப்பதால் ஈரத்துணியும் சூடும் கொடுத்தால் வளைவாக உருமாறும். கடையில் இதைப் போலவே கிடைக்கும் கெட்டி ஓர ரிப்பன் வளையாது, நெற்றியில் சுருக்கம் விழும். அளவு எடுக்கும்போது டேப் நெற்றி நடுவிலும் காதுக்கு மேலும் பின்மண்டையின் புடைப்பிலும் போக வேண்டும். அன்று போடப்போகும் கொண்டையோடு எடுத்தால்தான் அது அளவு. ரிப்பனின் தடிமன் இடம் பிடிக்கும் என்பதால் கட்டையில் அரை முதல் ஒரு செ.மீ. தாராளம் விடுவது வழக்கம். பல பத்தாண்டுகள் மாறாத தலைமுடி வாரிப்போடு இருந்த எலிசபெத் அரசி இந்த விஷயத்தில் தொப்பிக்காரர்களுக்கு ஒரு வரம். முழுத்தலைத் தொப்பி, ரிப்பன் பிடிப்பிலும் நீண்ட தொப்பி ஊசியிலும் நிற்கும்.

இன்று வேல்ஸ் இளவரசி கேத்தரின் போன்றவர்கள் ஒரு பக்கமாகச் சாய்த்துப் போடும் தட்டையான தொப்பிகளின் கணக்கே வேறு. அவற்றுக்குத் தலைக்குள் இறங்கும் உச்சி இல்லை. மெல்லிய எலாஸ்டிக் காதுக்குப் பின்னால் இறங்கி, பிடரிக் கொண்டைக்கு அடியில் மறைய வேண்டும். அதன் நிறம் முடியின் நிறமாக இருக்க வேண்டும், தொப்பியின் நிறமாக அல்ல. எலாஸ்டிக் தைத்த இடம் ஒரு விரற்கடை முன்னால் போனாலும் தொப்பி பின்னால் தூக்கும். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் ஒரு சீப்புக் கிளிப் வைத்தால் காற்றுக்குத் தாங்கும்.

கோட்டோடு நிறம் பொருத்துவதில்தான் நாள் போகும். ஒரே சாயத்தொட்டியில் எல்லாவற்றையும் முக்கினால் எல்லாம் வேறு வேறு நிறத்தில் வரும். பட்டு, கம்பளி, இறகு எல்லாம் புரதம், அவற்றுக்கு அமிலச் சாயம். சினாமே தாவர நார், அதற்கு வேறு சாயம். கடை விளக்கில் ஒத்துப்போன இரண்டு நீலம் வெளியே வெயிலில் பிரிந்து நிற்கும், ஆகவே பகல் வெளிச்சத்தில் பார்க்காமல் எதையும் முடிவு பண்ணக்கூடாது. கோட்டுத் துணியாலேயே தொப்பியைப் போர்த்துவது பாதுகாப்பான வழி. தையல்காரர் துணி வெட்டும் முன்பே கிராஸுக்கு ஒரு மீட்டராவது ஒதுக்கச் சொல்ல வேண்டும். வெட்டிய பிறகு கேட்டால் துண்டுதான் கிடைக்கும்.

அலங்காரத்தில் ஒட்டுப்பசையை நம்பக்கூடாது. மழையில் இறகு கழன்று விழும். காம்பில் மெல்லிய கம்பி கட்டி, மேல்துணியில் அல்லாமல் அடித்தளத்தில் தைக்க வேண்டும். 1977இல் தன் ஆட்சியின் வெள்ளி விழாவுக்கு எலிசபெத் அரசி போட்ட இளஞ்சிவப்புத் தொப்பியில், தொப்பிக் கலைஞர் ஃபிரடெரிக் ஃபாக்ஸ் 25 மணிப்பூக்களைக் காம்போடு தொங்கவிட்டிருந்தார். இப்படித் தொங்கும் பூவுக்குக் காம்பின் விறைப்புத்தான் உயிர். இளகினால் நடக்கும்போது கன்னத்தில் அடிக்கும், இறுகினால் ஆணி அடித்ததுபோல் நிற்கும். பூவுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2017 ஜூனில் நாடாளுமன்றத் தொடக்கத்துக்கு மஞ்சள் பூ வைத்த நீலத் தொப்பியில் அரசி வந்தபோது, பலரும் அதில் ஐரோப்பிய ஒன்றியக் கொடியைக் கண்டார்கள்.

அஸ்காட் குதிரைப் பந்தயத்தின் அரச வளாகத்தில் 2012 முதல் சும்மா கிளிப்பில் செருகும் இறகுக்கொத்துக்கு இடமில்லை. தொப்பி இல்லையென்றால் தலையணியின் அடித்தளம் குறைந்தது 4 அங்குலம், அதாவது 10 செ.மீ. இருக்க வேண்டும். நல்ல விதி. முந்தைய ஆண்டு வில்லியம்-கேத்தரின் திருமணத்துக்கு இளவரசி பியாட்ரிஸ் போட்டுவந்த, ஃபிலிப் டிரேசி செய்த வளையத் தொப்பி உலகமே கேலி செய்த பிறகு ஏலத்தில் 81,100 பவுண்டுக்குப் போனது, பணம் குழந்தைகளுக்கான தொண்டுக்குச் சென்றது. அது அழகா என்பதில் சண்டை போடலாம். நெற்றியில் அவ்வளவு உயரம் ஏற்றியும் அசையாமல் நின்றதே, அந்த வேலையை யாரும் குறை சொல்ல முடியாது.

பலமுறை போட வேண்டிய தொப்பியை விளிம்பின் மேல் நிற்க வைத்தால் விளிம்பு தட்டையாகிவிடும். உச்சிக்குள் அமிலமில்லாத் தாளை அடைத்து, விளிம்பு எதையும் தொடாதபடி பெட்டிக்குள் ஏந்தியில் வைக்க வேண்டும். ஃபெல்ட்டை அந்துப்பூச்சி அரிக்கும் என்பதால் உள்ளே வைக்கும் முன் வியர்வை பட்ட ரிப்பனைத் துடைத்துக் காயவிட வேண்டும். ரிப்பன் கறுத்துப்போனால் அதை மட்டும் பிரித்து மாற்றலாம், அதற்காகத்தான் அதை ஒட்டாமல் தைக்கிறோம்.